குறுகிய வழியும் குறைந்த செலவும்

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல நல்ல வழி எது என்று கேட்டால், கிட்டத்து வழியே நல்ல வழி என்று நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் விடை கூறுவோம். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்கள் அவ்வாறு கூறியிருக்கமாட்டார்கள். வறண்ட ஆற்றின் எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். எனினும் பாரவண்டியை மணலில் இறக்கினால் சக்கரம் புதையும், மாடுகள் நுரை தள்ளும், வண்டியில் இருப்போர் இறங்கித் தோள்கொடுக்க நேரும் என்பதை அறிந்த வண்டிக்காரன், பாலம் இருக்குமிடம் வரையில் கரையோரமாகவே சுற்றிச் செல்வான். தூரம் கூடினாலும் மாடுகளின் உழைப்பு குறைகிறது என்பதே அவன் கணக்கு.

இதே கணக்கை, ஓட்டுபவர் எவரும் ஏறியிராத யந்திர ஊர்திகள் போட வேண்டிய காலம் வந்துவிட்டது. ரோபோ என்று வழங்கும் தானியங்கி யந்திரங்களில் ஒரு வகை, தொழிற்சாலைக்குள் நின்ற இடத்திலேயே வேலை செய்வது. மற்றொரு வகை, சக்கரங்களின்மீது ஊர்ந்து வயல்களிலும் சுரங்கங்களிலும் பாலைகளிலும், வேற்றுக் கோள்களின் தரையிலும் சென்று பணிபுரிவது. இவ்விரண்டாம் வகை ஊர்தி தனக்கு வேண்டிய சக்தியைத் தானே சுமந்து செல்கிறது, அல்லது சூரிய ஒளியிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு எவ்வளவு சிறியது என்பதற்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று போதும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதிலிருந்து வெளிவந்த பிரக்யான் என்னும் ஊர்தியின் எடை 26 கிலோ. அதன் சூரிய ஒளித்தகடு தரக்கூடிய மின்சக்தி 50 வாட். நம் வீட்டுக் கூரையில் சுழலும் பழைய மின்விசிறி ஒன்றுக்கு இதைவிடக் கூடுதலான சக்தி வேண்டும். இவ்வளவைக் கொண்டே அது நகரவும், பார்க்கவும், பாறையைச் சோதிக்கவும், கண்டதைத் தாய்க்கலத்திற்குத் தெரிவிக்கவும் வேண்டியிருந்தது. அத்தகைய ஊர்தி தவறான வழியில் பத்து மீட்டர் செல்வதும் பெரும் விரயமாகும்.

வழியின் ஒவ்வோர் அடிக்கும் கழிகின்ற சக்தியை இத்துறையினர் 'செலவு' என்ற பொருளுடைய சொல்லாலேயே குறிக்கின்றனர். கோப்புகளுக்கு நடுவே சொல் தேடி அலைவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, தேடாமலே கிடைத்த இந்தத் தமிழ்ச் சொல் தனி மகிழ்ச்சி தருகிறது. பழந்தமிழில் செலவு என்றால் பயணம். இன்று அது கைப்பொருள் கழிதலைக் குறிக்கிறது. ஊர்திகளின் வழித் திட்டத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன.

செலவு எங்கெங்கே ஏற்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்து போகும் நம்மவர்கள், கர்ஜத் நிலையத்தில் வண்டியின் பின்புறம் கூடுதல் எஞ்சின்கள் இணைக்கப்படுவதைக் கண்டிருப்பார்கள். அங்கிருந்து லோனாவாலா வரையில் உள்ள மலைப்பகுதியில், 37 மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் உயரவேண்டிய ஏற்றம் உள்ளது. கண்ணுக்கு அது பெரிய ஏற்றமாகத் தோன்றாது. ஆயினும் சமதரையில் அதே வண்டியை இழுக்க வேண்டியதைவிடப் பத்து மடங்குக்கு மேற்பட்ட இழுவிசை அங்கே தேவைப்படுகிறது. இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் மிக எளிதாக உருள்வதால், சமதரையில் செலவு மிகக் குறைவு. ஏற்றம் வந்தவுடன் அச்செலவின்மேல் பாரத்தைத் தூக்கும் செலவும் சேர்ந்துகொள்கிறது.

தண்டவாளம் இல்லாத நிலத்தில் கணக்கு வேறு. 100 கிலோ எடையுள்ள ஊர்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் உழைப்பை ஓர் அலகு எனக் கொள்வோம். கெட்டியான தரையில் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு தடையாக எதிர்க்கிறது என்று வைத்தால், ஒரு மீட்டர் செல்ல 2 அலகு செலவாகும். இளகிய மணலில் அத்தடை எடையில் நான்கில் ஒரு பங்காகவே உயரக்கூடும். அப்போது ஒரு மீட்டருக்கு 25 அலகு. எதிரே 60 மீட்டர் அகலமுள்ள மணற்பரப்பு இருக்கிறது. அதைச் சுற்றிக் கெட்டித் தரையில் சென்றால் 300 மீட்டர். நேரே சென்றால் செலவு 1,500 அலகு. சுற்றிச் சென்றால் 600 அலகு. ஐந்து மடங்கு தூரம் சென்றும் பாதிச் செலவைவிடக் குறைவாகவே ஆகிறது. வண்டிக்காரனின் கணக்கு இதுவேயாகும்.

இனி, எதிரே இருப்பது மணலன்று, 10 மீட்டர் உயரமுள்ள ஒரு மேடு என்போம். ஏறுவதற்கு மட்டும் 1,000 அலகு வேண்டும். கெட்டித் தரையில் அரைக் கிலோமீட்டர் செல்லும் செலவு அது. அவ்வாறாயின் மேடுகளை எப்போதும் சுற்றியே செல்லவேண்டுமா? இங்கே நுட்பமான ஒரு செய்தி உண்டு. மேட்டின் மறுபுறம் சரிவு மிக மெதுவாக இறங்குமானால், ஏறும்போது கொடுத்த செலவை இறங்கும்போது ஊர்தி திரும்பப் பெற்றுவிடுகிறது. இறக்கத்தில் மோட்டார் குறைவாக உழைத்தால் போதும் அல்லவா? சரிவு செங்குத்தாகி, ஊர்தி தானாகவே விரைந்தோடாமல் தடைபோட்டுப் பிடிக்கவேண்டிய நிலை வரும்போதுதான் உழைப்பு வெப்பமாக மாறி வீணாகிறது. எனவே மேட்டின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது; மறுபக்க இறக்கம் எத்தகையது என்பதையும் பார்க்கவேண்டும். ஒரே பாதையில் போவதற்கு ஒரு செலவும் வருவதற்கு வேறு செலவும் ஆகும் என்பதும் இதனாலேயே விளங்கும்.

மூன்றாவது இழப்பு வழுக்கல். சக்கரத்தின் விளிம்பு 10 மீட்டர் அளவு சுழன்றும் ஊர்தி 7 மீட்டரே முன்சென்றால், மீதி 3 மீட்டர்ச் சுழற்சி மண்ணைப் பின்னுக்குத் தள்ளுவதில் கழிந்துவிட்டது என்று பொருள். சமதரையில் சிறிதாக உள்ள வழுக்கல், மணற்சரிவில் ஏற ஏற விரைவாகப் பெருகும். ஓர் எல்லையைத் தாண்டினால் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். 1970ஆம் ஆண்டு நவம்பரில் சோவியத் நாட்டார் நிலவில் இறக்கிய லூனாகோத்-1 என்ற எட்டுச் சக்கர ஊர்தியில், மோட்டார் இல்லாமல் தரையில் சும்மா உருண்டு வரும் ஒன்பதாவது சிறு சக்கரம் ஒன்றும் இருந்தது. அது காட்டிய உண்மைத் தூரத்தையும் மற்றச் சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டு, வழுக்கல் எவ்வளவு என்பதைப் பூமியிலிருந்தவாறே கண்டுகொண்டனர். இத்துணை எளிய உபாயம் வேறொன்றை நாம் அறியோம்.

இவையன்றி, திரும்புவதற்கும் செலவு உண்டு, நிற்பதற்கும் உண்டு. ஊர்தி நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அதன் கணிப்பொறி, வானொலிக் கருவி, குளிரிலிருந்து காக்கும் வெப்பக் கம்பிகள் ஆகியவை மின்சாரத்தைத் தின்றுகொண்டேயிருக்கும். ஆதலால் சுற்று வழி அளவுக்கு மீறி நீண்டால், மிச்சப்படுத்திய சக்தியைக் காலதாமதம் விழுங்கிவிடும்.

செலவுகள் தெரிந்துவிட்டன என்று கொண்டால், எண்ணற்ற வழிகளுள் குறைந்த செலவுள்ளதைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு? நிலப்படத்தின்மேல் சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குச் செல்லும் செலவைக் குறித்துக்கொள்வார்கள். அதன்பின் உதவுவது எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணித அறிஞரின் முறை. ரோட்டர்டாம் நகரிலிருந்து குரோனிங்கன் நகருக்கு மிகக் குறுகிய வழி எது என்ற வினாவை மனத்தில் கொண்டு, 1956ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இன்றி இருபது நிமிடங்களில் இம்முறையை வகுத்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1959இல் அது அச்சில் வந்தது. அதன் சாரம் இதுதான்: புறப்பட்ட இடத்திலிருந்து, மிகக் குறைந்த செலவில் எட்டக்கூடிய கட்டத்தை முதலில் உறுதி செய், அங்கிருந்து அண்டைக் கட்டங்களுக்கு ஆகும் மொத்தச் செலவைக் குறித்துக்கொள், எஞ்சியவற்றுள் மீண்டும் குறைந்ததை எடு. தரையில் ஊற்றிய நீர் பள்ளம் பார்த்துப் பரவுவதுபோல் இக்கணக்கு செலவு குறைந்த பக்கமாகப் பரவி, சேருமிடத்தைத் தொடும்போது முடிவடைகிறது.

இம்முறை நாற்புறமும் பரவுவதால், சேருமிடத்திற்கு எதிர்த்திசையிலும் வீணாகத் தேடும். அக்குறையைப் போக்கியவர்கள் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹார்ட், நில்சன், ராபேல் என்னும் மூவர். ஷேக்கி என்ற தானியங்கி யந்திரத்தை அறைகளுக்குள் நடமாடச் செய்யும் முயற்சியின்போது, 1968இல் அவர்கள் ஒரு திருத்தம் செய்தனர். இதுவரை ஆன செலவோடு, இனி ஆகக்கூடிய செலவின் மதிப்பீட்டையும் கூட்டிப் பார்க்கவேண்டும் என்பது அத்திருத்தம். அந்த மதிப்பீடு உண்மைச் செலவுக்கு ஒருபோதும் மேற்படக்கூடாது என்பது நிபந்தனை. சக்திக் கணக்கில் இதனை எளிதாக நிறைவேற்றலாம்: இறக்கம் இல்லாத நிலத்தில், சேருமிடம் வரை நேர்கோட்டில், இருப்பவற்றுள் மிகக் கெட்டியான தரையிலேயே செல்வதாகப் பாவித்து மதிப்பிட்டால் உண்மை அதைவிடக் குறையாது. இறக்கத்தில் மின்சாரத்தைத் திரும்பச் சேமித்துக்கொள்ளும் ஊர்திகளுக்கு மட்டும் சிக்கல் ஒன்று உண்டு. அங்கே செலவு வரவாக மாறிக் கழித்தற்குறியுள்ள எண் தோன்றுவதால் டைக்ஸ்ட்ராவின் முறை நேரடியாகச் செல்லாது. உயரத்திற்கான உழைப்பைத் தனியே பிரித்து வைத்துக் கணக்கிட்டு அதையும் சமாளிக்கிறார்கள்.

கணக்கு இவ்வளவு செம்மையாக இருக்க, ஊர்திகள் ஏன் இன்னமும் சிக்கிக்கொள்கின்றன? படத்தில் குறித்த செலவு உண்மைச் செலவாக இல்லாமற் போவதே காரணம். புகைப்படக் கருவிக்கு நிலத்தின் வடிவம் தெரியும். அதன் மென்மை தெரியாது. செவ்வாய்க் கிரகத்தில் அமெரிக்காவின் ஆப்பர்ச்சுனிட்டி என்ற ஊர்தி சிறு சிறு மணல் அலைகளைக் கடந்து சென்றுகொண்டிருந்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், முன்பு கடந்தவற்றைப் போலவே காட்சியளித்த ஓர் அலையில் அதன் சக்கரங்கள் புதைந்தன. ஐந்து வாரங்களுக்கு மேல் சிறிது சிறிதாக முயன்று ஜூன் மாதத் தொடக்கத்தில் மீட்டார்கள். மீட்கும் முயற்சியில் சக்கரங்கள் ஏறக்குறைய 190 மீட்டர் செல்லத்தக்க அளவு சுழன்றிருந்தன. ஊர்தி நகர்ந்ததோ சுமார் ஒரு மீட்டர்.

அதுமுதல் நிலத்தின் மென்மையை அறியும் வழிகளில் கவனம் மிகுந்தது. நகர்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, உண்மையில் எவ்வளவு நகர்ந்தோம் என்பதை ஊர்தியே கணக்கிட்டு, வழுக்கல் மிகுந்தால் நின்றுவிடுமாறு செய்தல் ஒரு வழி. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் கவனித்தல் மற்றொரு வழி. இளகிய மண்ணில் அது உயரும். விண்ணில் சுற்றும் கலங்களிலிருந்து தரையின் வெப்பத்தை அளப்பது வேறொரு வழி: நுண்மணல் இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடும், பாறை மெதுவாகக் குளிரும். முற்றத்துக் கருங்கல் பொழுது சாய்ந்த பின்னும் சூடாக இருப்பதை நாம் அறிவோமே. இவ்வாறு புதிய செய்தி வந்தவுடன் படத்தைத் திருத்தி, முழுக்கணக்கையும் முதலிலிருந்து போடாமல் மாறிய பகுதியை மட்டும் திருத்திக்கொள்ளும் முறையைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்டென்ட்ஸ் என்பார் 1994இல் வெளியிட்டார். அதன் வழிவந்த ஒரு முறை பின்னர்ச் செவ்வாய் ஊர்திகளிலும் சேர்க்கப்பட்டது.

வழித் தேர்வு ஓர் ஊர்தியின் உயிரையே தீர்மானிக்கும் என்பதற்கு, ஆப்பர்ச்சுனிட்டியின் இரட்டையான ஸ்பிரிட் என்ற ஊர்தியின் வரலாறு சான்று. 2004 ஜனவரியில் இறங்கிய அது, செவ்வாய் நாள்களில் 90 நாள் உழைத்தால் போதும் என்று திட்டமிடப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அது இருந்த தென்பகுதியில் குளிர்காலத்தில் சூரியன் வடதிசையில் தாழ்ந்திருக்கும். ஆகவே வடக்கு நோக்கிச் சாய்ந்த சரிவு ஒன்றில் ஏறி நின்றால்தான் அதன் ஒளித்தகடுகளுக்குப் போதிய வெயில் கிட்டும். 2006 மார்ச்சில் அதன் முன்புற வலச்சக்கரம் நின்றுபோயிற்று. முடமான காலை இழுத்துச் செல்பவனைப்போல், அச்சக்கரத்தை இழுத்தபடி பின்னோக்கியே அது நகரவேண்டியதாயிற்று. மக்கூல் என்று பெயரிடப்பட்ட குன்றின் சரிவைக் குளிர்காலத் தங்குமிடமாக எண்ணியிருந்தார்கள். இடையில் மணல் தடுத்தது. முடமான ஊர்தியால் அதைக் கடக்க இயலவில்லை. வெயிலோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. அந்நிலையில் பொறியியலார் குன்றின் ஆசையை விட்டு, அருகிலிருந்த தாழ்ந்த மேடொன்றின் வடசரிவுக்கு ஊர்தியைத் திருப்பினர். சிறந்த இடம் அன்று. சென்று சேரக்கூடிய இடம். ஸ்பிரிட் பிழைத்தது. (இழுபட்ட சக்கரம் கீறிய தடத்தில் வெண்ணிற மண் வெளிப்பட்டு, 2007இல் அது சிலிக்கா மிகுந்தது என்று தெரியவந்ததும், அங்கே ஒருகாலத்தில் வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கு அது அடையாளமாயிற்று. முடமும் ஒரு வகையில் பயன்பட்டது.)

2009ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், மேலே மெல்லிய பொருக்கும் கீழே இளகிய மணலுமாக இருந்த ஓரிடத்தில் பொருக்கு உடைந்து ஸ்பிரிட் புதைந்தது. பூமியில் அதே போன்ற மண்ணை நிரப்பி, மாதிரி ஊர்தியைப் புதைத்து, மீட்கும் முறைகளைச் சோதித்துப் பார்த்தனர். அதற்குள் மற்றொரு சக்கரமும் செயலிழந்தது. குளிர்காலம் நெருங்கியது. ஊர்தி நின்ற நிலையில் அதன் தகடுகள் வடக்கு நோக்கிச் சாயவில்லை; சாய்வதற்கு வேண்டிய சிறு நகர்வும் இயலவில்லை. 2010 மார்ச் 22ஆம் நாள் வந்த செய்தியே அதனிடமிருந்து வந்த கடைசிச் செய்தியாயிற்று.

எல்லா ஊர்திகளுக்கும் செலவு என்பது சக்தி மட்டுமே என்று கொள்ளலாகாது. 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டிக்கு வெயில் தேவையில்லை. அணுப்பொருளின் வெப்பத்திலிருந்து அதற்கு மின்சாரம் கிடைக்கிறது. ஆனால் கூர்மையான பாறைகள் அதன் அலுமினியச் சக்கரங்களில் ஓட்டையிடத் தொடங்கின. 2014 பிப்ரவரியில், கல் நிறைந்த நேர்வழியை விட்டு, ஒரு மீட்டர் உயரமுள்ள மணல்மேட்டைத் தாண்டி மென்மையான பள்ளத்தாக்கு வழியே அதைச் செலுத்தினார்கள். ஸ்பிரிட்டுக்கு எமனான மணல் இதற்குக் காப்பாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு மணற்பள்ளத்தில் வழுக்கல் எதிர்பார்த்ததைவிட மிகவே, இறங்கிய ஊர்தியைத் திருப்பி வெளியே கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இனி நம் பிரக்யானுக்கு வருவோம். அதன் இரு கண்கள் எடுத்த படங்களிலிருந்து பெங்களூருவில் நிலத்தின் மேடு பள்ளங்களை வரைந்து, வழி வகுத்து, கட்டளை அனுப்பினார்கள். திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் விழுப்புரத்தைச் சேர்ந்த பி. வீரமுத்துவேல். சோதனைகளுக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி வட்டாரப் பாறையைப் பொடித்துப் பயன்படுத்தியதும் தமிழர் மகிழத்தக்க செய்தி. 2023 ஆகஸ்டு 27ஆம் நாள், ஊர்திக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம் தென்பட்டது. வந்த தடத்திலேயே திரும்புமாறு கட்டளை சென்றது. ஊர்தி திரும்பி வேறு வழியில் சென்றது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் பயணத்தைத் தவிர்த்து நிற்பதைப் பழைய இலக்கணத்தார் 'செலவழுங்குதல்' என்பார்கள். அன்று நிலவில் நடந்ததற்கும் அப்பெயர் பொருந்தும். செப்டம்பர் 2ஆம் நாள் உறக்க நிலையில் வைக்கப்படும்போது பிரக்யான் கடந்திருந்த தூரம் 100 மீட்டரைச் சற்றே தாண்டியது. நிலவின் நீண்ட இரவுக்குப்பின் அது விழிக்கவில்லை.

அடுத்து இந்தியாவும் ஜப்பானும் கூடி நிலவின் தென்துருவத்திற்குப் பெரிய ஊர்தி ஒன்றை அனுப்பத் திட்டமிட்டுள்ளன. தரையிறங்கும் கலம் நம்முடையது, ஊர்தி ஜப்பானுடையது. சந்திரயான்-5 என்ற பெயரில் நம் அரசு 2025 மார்ச்சில் இதற்கு ஒப்புதல் வழங்கியது. துருவத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவரும். சூரியன் 3 பாகை உயரத்தில் இருக்கும்போது, ஒரு மீட்டர் உயரமுள்ள கல்லின் நிழல் 19 மீட்டர் நீளும். அந்நிழல் கடிகார முள்ளைப்போல் தரையில் நகர்ந்துகொண்டேயிருக்கும். காலையில் வெயிலாக இருந்த கட்டம் பிறகு இருளாகிவிடும். இன்றைய மலிவான வழி நாளை செல்லத்தகாத வழியாகும். எனவே அங்கே வழி வகுப்போருக்கு ஒரு நிலப்படம் போதாது. வேளைக்கு ஒரு படமாக அடுக்கி, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்குத் தாவும் வழியைத் தேடவேண்டும். அந்தக் கணக்கில், ஒரு கல்லின் நிழல் விலகும்வரை ஊர்தி அசையாமல் காத்து நிற்பதற்கும் ஒரு செலவு எழுதப்படும். பல வேளைகளில் அதுவே குறைந்த செலவாகவும் இருக்கும்.